ஊசியைக் கொண்டு வா

நைனா,

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலம்தான் என்று காலையில் போனிலேயே சொல்லிவிட்டாய். சாப்பிட்டாயா என்று நானும் கேட்டாகிவிட்டது. "சாப்ட்டேம்மா, மீட்டிங் கீது, வெச்சிர்றேன்" என்று நீயும் வைத்துவிட்டாய். நீ பெங்களூரிலும் நான் ராயபுரத்திலும் இருக்க, நம் பேச்சு கொஞ்ச நாளாக அந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் நான் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதைக் கேட்டதும் ஒன்று போனை வைத்துவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். காகிதம் "சரிம்மா" சொல்லாது, அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சொல்லியே தீர வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் அப்பாவின் பாட்டு செட்டைப் பற்றியது. சிரிக்காதே. நீ கட்டிக்கொள்ளப் போகிற ஜெனியும் இதைப் படிக்கட்டும், உன் ரெஜினா அத்தையும் படிக்கட்டும், தெருவில் யாருக்குப் படிக்கத் தோன்றுகிறதோ அவர்களும் படிக்கட்டும். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

போன வாரம் நீ குஷியாகப் பேசினாய். "அம்மா, புது ஃப்ளாட்டுக்கு அப்பா செட்ட எட்த்துகினு வந்துர்றேன். ஜெனிக்கும் இந்த வின்டேஜ் ஐட்டம்னா உசுரு. ஹால்ல வெச்சா சூப்பரா இருக்கும்" என்றாய். பழசுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் வைத்துவிட்டால் மவுசு வந்துவிடுகிறது பார்! "சரிடா, ஊசி எங்க?" என்று மட்டும் கேட்டேன். நீ, "எந்த ஊசி?" என்றாய். நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். அது எந்த ஊசி என்று உனக்கு உண்மையிலேயே மறந்துபோயிருக்கிறது. வேண்டுமென்றே கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நீ பிறந்ததிலிருந்து பார்த்த செட்டுதான். ஜெனிக்குத் தெரியாது, அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது அவரிடமிருந்து வாங்கிய ஜப்பான் செட்டு அது. முன்பக்கம் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு முள் ஆடுகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. நம் தெருமுனையில் கன்டெய்னர் லாரி போனால் வீட்டில் தம்ளர் ஆடும் இல்லையா, அந்த ஆட்டத்தில் ரெக்கார்டின் மேல் ஓடும் ஊசியும் தாவிவிடும். அதற்காக அப்பா சைக்கிள் டியூபில் அரைகுறையாகக் காற்றடித்து, அதன்மேல் கடப்பா கல்லைப் போட்டு, கல்லின் மேல் பிளேயரை வைத்தார். பிறகு தூண்டில் நரம்பை எடுத்து இந்தப் பெட்டியிலிருந்து ஒரு தரம், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தரம் அளந்து, இரண்டும் ஒரே நீளம் வருகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் நாலு காலுக்கும் தரையில் நாலு புள்ளி வைத்தார். கிரேனுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்.

"இங்க குந்துனாத்தான் பாட்டு நடுவுல வந்து நிக்கும்" என்பார். ஒரு நாற்காலிதான். அவர் வேலை பார்த்த கிரேன் கேபினிலும் ஒரு சீட்டுதான். வாரமெல்லாம் அந்த உயரத்தில், அந்த இரைச்சலில், தனியாக உட்கார்ந்து வந்த மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தனியாக உட்காரத்தான் தெரிந்தது போல. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்ததில்லை, கை நீட்டியதில்லை, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாதா தேர் பார்க்கக் கூட்டத்தில் நின்றவர். ஆனால் செட்டைத் தொட்டால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். "யேய், கைய வெக்காத!" என்று ஒரு சத்தம் வரும். நீ கையை இழுத்துக்கொள்வாய், நானும் இழுத்துக்கொள்வேன். தரையைத் துடைப்பவள் நான். நாற்காலியை நகர்த்தித் துடைத்து, மறுபடி அந்த நாலு புள்ளியிலும் சரியாக நாலு காலையும் பொருத்தி வைப்பதும் நான். அத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்தது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்கு வருவார். நான் காசிமேடு போய் மீன் வாங்கிக்கொண்டு வருவேன். அவர் சன்னலைச் சாத்தி, ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து, ஈரத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில் சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். அந்தக் கரி ரெக்கார்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. அவர் துடைத்து முடித்துப் பாட்டுப் போடும்போது நான் பின்கட்டில் மணையைப் போட்டுக்கொண்டு வஞ்சிரமோ சங்கராவோ ஆய்ந்துகொண்டிருப்பேன். நடுவில் இரண்டு சுவர். எனக்குக் கேட்டதெல்லாம் "தும்... தும்... தும்". பாட்டு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன் நைனா. இந்தத் தும்முக்கா இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்திருக்கிறேன். குக்கர் விசில், மிக்சி, நீ போடும் கூச்சல், மீன்காரியிடம் நான் போட்ட பேரம் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தும் தும் ஓடிக்கொண்டே இருந்தது. என் கல்யாண வாழ்க்கையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் கழிந்தன.

தவக்காலம் வந்தால் செட்டுக்கு ஓய்வு. கோவிலில் மாதா, புனிதர் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்துவதைப் பார்த்து, இவரும் செட்டுக்கு ஊதாத் துணி போர்த்துவார். என் பழைய புடவையைக் கிழித்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். சாம்பல் புதன் காலையில் போர்த்தினால் ஈஸ்டர் பூசை முடிந்துதான் எடுப்பார். ஆனால் அந்த நாட்களிலும் வாரத்துக்கு ஒரு தரம் துணியைக் கொஞ்சம் தூக்கி, சத்தமில்லாமல் கரன்டை மட்டும் போட்டுச் சூடேற்றுவார். "இது தவசு இருக்கலாம், உப்புக்காத்து தவசு இருக்காதுமே. சும்மா வுட்டா உள்ள கம்பில்லாம் பச்ச பூத்துடும்" என்பார். அந்த ஒரு வாக்கியம் என் காதில் ஏறியிருந்தது, என்னையறியாமல்.

அப்பா போன நாள் உனக்குத் தெரியும். அன்றும் ஞாயிறுதான். காலையில் பாட்டு கேட்டார், மத்தியானம் நெத்திலி வறுவல் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார், சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. அடக்கம் முடிந்து வந்ததும் உன் ரெஜினா அத்தை (ஜெனிக்காகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்துச் சந்தில் இருப்பவள்) அந்த ஊதாத் துணியை எடுத்து அவளே செட்டின் மேல் போர்த்தினாள். துக்க வீட்டில் வருஷ பூசை முடியும்வரை பாட்டு கிடையாது, அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை. நம்மில் அதுதான் வழக்கம். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நீ முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பெங்களூர் போய்விட்டாய். வீட்டில் நானும் அந்த ஊதா மூட்டையும் மட்டும் இருந்தோம்.

ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பச்சை பூத்துடும். ஐயோ, அவர் உயிரை வைத்திருந்த சாமான் ஆயிற்றே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டுப்போனால் மேலே போய் அவருக்கு என்ன பதில் சொல்வேன் என்று பதறிப்போனேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, துணியைத் தூக்கி, பொத்தானை அமுக்கினேன். மஞ்சள் வெளிச்சம் வந்தது. "கைய வெக்காத" என்று யாரும் கத்தவில்லை. அதுதான் முதலில் அழ வைத்தது, சொன்னால் நம்புவாயா? அதற்குப் பிறகு வாரா வாரம் கரன்டைப் போட்டு, சூடேற்றி, அணைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான். பாட்டுப் போடும் எண்ணமே எனக்கு இல்லை, மாதா மேல் சத்தியமாக.

பிளேயரில் அவர் கடைசியாகக் கேட்ட ரெக்கார்டு அப்படியே கிடந்தது. ஒரு மத்தியானம், லாரி ஓட்டமெல்லாம் அடங்கியிருந்த நேரம், மூடியைத் திறந்து பார்த்தேன். தட்டு சுற்றினால் என்னதான் ஆகும் பார்ப்போம் என்று ஓடவிட்டு, ஊசியை இறக்கினேன். டர்ர்ரென்று ஒரு சத்தம். சேசுவே, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு கரித்தூள் பட் பட்டென்று பொரிந்தது. முட்டி வலி, எனக்கு நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்துவிட்டேன்.

நைனா, ஒரு பொம்பளை மூச்சு இழுத்தாள். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. எனக்கு எதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவே, திரு இருதயப் படத்துக்குக் கீழே, பெட்டியே இல்லாத வெறும் சுவரில் நின்றுகொண்டு இழுத்தாள். நான் பயந்து திரும்பிப் பார்த்தேன், யாராவது வந்துவிட்டார்களோ என்று. பிறகு அவள் பாடினாள். இந்தப் பக்கம் வயலின், அந்தப் பக்கம் குழல், அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித் தபலா. தபலாக்காரன் விரல் தோலைத் தொட்டு விலகுவதுகூடத் தெரிந்தது. எந்தப் படம் என்றே யாருக்கும் ஞாபகமில்லாத, ஓடாத படத்துப் பாட்டு அது. இதற்கும் நான் கேட்டு வந்த தும் தும்முக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு முடிந்து ஊசி நடு லேபிள் ஓரத்தில் போய்ச் சுற்றிச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

சந்தோஷப்பட்டேன் என்று நினைப்பாய். இல்லை, எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் அவர் உயிரோடு இருந்தபோதும் அவர் மேல் வந்ததில்லை. ஏன்யா, இப்படி ஒன்று இந்த வீட்டுக்குள் இருந்ததா? இரண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நீ இதைக் கேட்டுக்கொண்டு இருந்தாய், அந்தப் பக்கம் நான் செதில் சுரண்டிக்கொண்டு இருந்தேனா? இன்னொரு நாற்காலி போட உனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா? அவர் போட்டோவைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். திட்டிவிட்டு, மறுபடி ஊசியைத் தூக்கி முதலில் வைத்தேன். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அப்புறம் அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்ன, மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டு, மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத அளவில் வைத்துக் கேட்பேன். ஊசியை அலுங்காமல் இறக்கக் கை பழகியது. எந்தக் குமிழைத் திருகினால் அடிச்சத்தம் கூடும், எதைத் திருகினால் குரல் கூசும் என்று தெரிந்துகொண்டேன். எந்த மொழி என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரி பாட்டு ஒன்று இருக்கிறது; அவள் எதற்காக அழுகிறாள் என்று தெரியாமல் அவளோடு சேர்ந்து அழுதிருக்கிறேன். ஒரு வீணை ரெக்கார்டில் வாசிப்பவர் நடுவில் லேசாக இருமுவார். அந்த இருமலுக்காகவே அதைப் போடுவேன், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அப்பா எதைக் கேட்டுக் கண்ணை மூடினார் என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, செத்த மனிதனோடு அப்போதுதான் குடித்தனம் ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. துக்கம் போய்விட்டதா என்றால், இல்லை, அதிகமானது. ஆனால் அந்தத் துக்கத்தை உட்கார்ந்து அனுபவிக்க ஒரு இடம் கிடைத்தது.

ரெஜினா ஒரு நாள் ஜெபமாலை சொல்லக் கூப்பிட வந்தவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். நான் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு. "இன்னா அண்ணி இது!" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கண்ணன் போயி வருசம் திரும்பல, உனுக்குப் பாட்டு கேக்குதா? அது நாற்காலில வேற குந்திகினு! தெருவுல போறவன் இது சாவு வூடா கல்யாண வூடான்னு கேக்க மாட்டான்?" அவள் அழுதாள். அவளுக்கு அண்ணன் மேல் உயிர், அதை நான் குறை சொல்ல மாட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த வாரமே கோவில் வாசலில் பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தாய். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, உனுக்கு இன்னா ஆச்சு? அத்த போன்ல அழுதுகினு கீது. என் தோஸ்துங்கோ கேக்குறானுங்கோ, பேஜாரா கீது எனக்கு" என்றாய். ரெஜினா உனக்குப் பின்னால் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ நேராகப் பிளேயரிடம் போய், ஊசியைத் தாங்கும் கம்பியின் நுனியில் இருந்த வளையத்தைத் திருகி, ஊசியை அதன் தலையோடு கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "வருச பூச முடியட்டும். அதுக்கப்பால கேளு, யாரு வாணான்னாங்கோ?" என்றாய். அந்த ஊசிதான் நைனா. நீ எந்த ஊசி என்று கேட்டாயே, அது.

உனக்குச் சோறு போட்டேன். நீ கேட்ட எறால் தொக்கு செய்தேன். பிள்ளை வளர்ந்து அப்பா இடத்தில் நின்று பேசுகிறான், நாலு பேர் முன்னால் அவனை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். நீ போன பிறகு மத்தியானங்களில் கரன்டை மட்டும் போட்டுவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மஞ்சள் வெளிச்சம் வரும், முள் இரண்டும் ஆடாமல் படுத்துக் கிடக்கும். ஊமை வீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பழக்கம்தான், ஆனால் பாட்டைக் கேட்ட பிறகு அது முன்னைப் போல இல்லை. வருஷ பூசை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். புருஷனுடைய வருஷ பூசைக்கு இப்படி ஆசையாகக் காத்திருந்தவள் நம் கோவில் பங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பூசை அன்று விடியற்காலையிலேயே ஊதாத் துணியை எடுத்து மடித்து வைத்தேன். நீ வரும்போது செட்டு சூடாக இருக்கட்டும் என்று கரன்டைப் போட்டு வைத்தேன். கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம், எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நீ எப்போது சட்டைப் பையில் கை விடுவாய் என்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஹாலைக் கடந்து போகும்போது, "இன்னாம்மா, லைட் சும்மா எரியுது" என்று சொல்லி, பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டுப் போனாய். மறந்திருக்கிறாய். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பாட்டுக்கு அலைகிறாள் என்று நீயும் நினைத்துவிடுவாயோ என்று கூச்சம். உன்னிடம் எனக்கு என்ன கூச்சம்? ஆனால் வந்தது. ரேடியோ சாமான் விற்கிற ரிச்சி தெருவில் போய் வேறு ஊசி விசாரித்தேன். இந்த மாடலுக்கு வெளியூரிலிருந்து வரவழைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போன கையிலிருந்துதான் அது எனக்கு வர வேண்டும்.

இப்போது சொல்லப்போவது உனக்கும் ஜெனிக்கும். இரண்டாவது நாற்காலி போட அவருக்குத் தோன்றவில்லை என்று மேலே எழுதினேன், போட்டோவைப் பார்த்துத் திட்டினேன் என்றும் எழுதினேன். அது முழு உண்மை இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையல்கட்டு வாசல் வரை வந்தார். "இங்க வாமே. ஒரு நிமிசம் குந்து. ஒண்ணு கேளு" என்றார். முகமெல்லாம் என்னவோ மாதிரி இருந்தது, அழுதவர் மாதிரி. நான் முழங்கை வரை மீன் ரத்தத்தோடு இருந்தேன். "கை கவுச்சி. நாற்காலித் துணி நாறிப்பூடும். அப்பால வரேன், போயேன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தரம் கூப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்பால, அப்பால என்றே சொல்லியிருக்கிறேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார், நானும் கூப்பிட்டதை மறந்துவிட்டேன். நீ ஊசியை மறந்த மாதிரி. ஊசி இல்லாத செட்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அது ஞாபகம் வந்தது. அன்று அவர் எனக்குக் கேட்கவைக்க நினைத்த பாட்டு எது என்று எனக்குத் தெரியாது. அலமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்டாலும் இனித் தெரியப் போவதில்லை. அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை நைனா.

அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். ஒருத்தர் கூப்பிட்டால் மற்றவர் கையில் இருப்பதோடு எழுந்து போங்கள். மாவு ஒட்டியிருந்தாலும் சரி, லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. நாற்காலித் துணியைத் துவைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டும் வராதவரை ஒரு தரம் விட்டாலும், மறுபடி போய்க் கூப்பிடுங்கள், சண்டை போட்டாவது இழுத்து வந்து உட்கார வையுங்கள். உன் அப்பா சண்டை போடத் தெரியாதவர். நீ எங்கள் இரண்டு பேரின் மகன், உனக்கு மௌனம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

செட்டைத் தர மாட்டேன். அப்பா சாமான் மகனுக்கு என்று ரெஜினா சொல்வாள், சொல்லட்டும். அவர் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள், மோதிரத்தை எடுத்துக்கொள், அவர் தூண்டிலையும் எடுத்துக்கொள். செட்டு நான் கண்ணை மூடும்வரை அந்தக் கடப்பா கல்லின் மேல், இந்த ராயபுரத்து வீட்டில்தான் இருக்கும். நாற்காலி மட்டும் இனி ஒன்று இல்லை. இன்னொன்று வாங்கிவிட்டேன். இரண்டையும் ஒட்டிப் போட்டால் பாட்டு சரியாக நடுவில் நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், எனக்குத் தெரியும். நின்றுவிட்டுப் போகட்டும். பழைய நாலு புள்ளியை அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னும் நாலு வைத்திருக்கிறேன், கோலப்பொடியில்.

கல்யாணம் முடிந்து மறு ஞாயிறு விருந்துக்கு நம் வீட்டுக்கு வருவீர்கள். வரும்போது அந்த ஊசியைக் கொண்டு வா. எந்தச் சட்டைப் பையில் கிடக்கிறதோ, எந்த டிராயரில் கிடக்கிறதோ, தேடு. நான் காசிமேடு போய் மீன் வாங்கி வைத்திருப்பேன். நீ பின்கட்டில் மணையைப் போட்டுக்கொண்டு அதை ஆய வேண்டும். நானும் ஜெனியும் ஹாலில் உட்கார்ந்திருப்போம். உனக்குத் தும் தும் என்றுதான் கேட்கும். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிரு. அப்புறம் நான் கூப்பிடுவேன். கை கழுவ வேண்டாம், அப்படியே வா.

உன் அம்மா